எரிகாயமும் தோல் ஒட்டுதலும்

மாணவர்களே, "ஆழமான எரிகாயத்திற்குத் தோல் ஒட்டுதல் ஏன் அவசியம்?" என்ற வினாவிற்குப் பலர் "தோல் எரிந்து விட்டதால்" என ஒரே வரியில் எழுதுகின்றனர். இது போதாது. காரணத்தை விளங்கி எழுதுங்கள்.

தோலில் மேற்றோல், உட்டோல் என இரு படைகள் உண்டு. புதிய மேற்றோலை உண்டாக்கும் கலங்கள் மேற்றோலின் அடியிலும், உட்டோலினுள் இறங்கியுள்ள மயிர்ப்புடைப்புகள், வியர்வைச் சுரப்பிகளிலும் காணப்படும். மேலோட்டமான எரிகாயத்தில் இவை தப்பிவிடுவதால் தோல் தானாக வளரும். முழு ஆழத்திற்கும் எரிந்தால் இவையும் அழியும். புல்லைச் செதுக்கினால் தளிர்க்கும். வேரோடு பிடுங்கினால் தளிர்க்குமா? அத்தகைய காயம் விளிம்பிலிருந்து மட்டுமே மெல்ல மூடும். அதற்குள் உடல் நீரை இழக்கும், கிருமி தொற்றும், மூட்டுகள் சுருங்கி மடங்கும். நரம்பு முனைகளும் எரிவதால் அவ்விடத்தில் வலி குறையலாம். வலி இல்லையென்றால் சிறிய காயம் என எழுதுவது பிழை.

இறந்த இழையத்தை அகற்றிய பின், சத்திரசிகிச்சை நிபுணர் பெரும்பாலும் தொடையிலிருந்து மேற்றோலையும் உட்டோலின் ஒரு பகுதியையும் மெல்லியதாகச் சீவி எடுப்பார். "வேர்" தொடையிலேயே தங்குவதால் அது சுமார் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். எரிந்த பரப்பு பெரிதாயின், எடுத்த தோலில் சிறு கீறல்கள் இட்டு வலைபோல் விரிப்பர். வாவியில் வலை வீசுவதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இது எளிதில் விளங்கும். கண்ணிகளூடாகக் காயத்து நீர் வெளியேறும். நாளடைவில் அவை மூடிக்கொள்ளும். ஆனால் வலை அடையாளம் எஞ்சுவதால் முகத்திற்கு இதைத் தவிர்ப்பர். கண்ணிமை போன்ற இடங்களுக்குக் காதின் பின்புறத்திலிருந்து முழுத் தடிப்பில் தோல் எடுத்து, எடுத்த இடத்தைத் தைத்து விடுவர்.

ஒட்டிய தோல் முதல் ஓரிரு நாட்கள் கீழிருந்து கசியும் திரவத்தை உறிஞ்சி உயிர்வாழும். பின்னரே குருதிக்கலன்கள் இணையும். அதனால்தான் அசையாதவாறு கட்டி வைக்கின்றனர். அடியில் குருதி தேங்கினாலும் ஒட்டாது. பிறருடைய தோல் தற்காலிக மூடியே. உடல் அதை நிராகரிக்கும் (ஒத்த இரட்டையர் விதிவிலக்கு).

தடுப்பு முறை கேட்கப்பட்டால் நம் நாட்டு உதாரணத்தையே எழுதுங்கள். மின்சாரம் இல்லாத வீடுகளில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு கவிழ்ந்து எரிந்தவர்கள் பலர். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையான, பாரமான, இரு பக்கமும் தட்டையான, திருகு மூடியுள்ள கண்ணாடி விளக்கை உருவாக்கினார். அது கவிழ்ந்தாலும் உருளாது, எண்ணெய் சிந்தாது. இதற்காக 1998 இல் ரோலெக்ஸ் விருது பெற்றார்.

முதலுதவி: ஓடும் நீரில் 20 நிமிடம் குளிரச் செய்க. பற்பசை பூசுதல், ஐஸ் வைத்தல் கூடாது. வவுணதீவிலிருந்து மட்டக்களப்பு வைத்தியசாலைக்குப் பாலம் கடந்து செல்ல வேண்டியிருப்பினும், முதலில் நீர்தான்.

பயிற்சி வினா: தொடையில் தோல் எடுத்த இடம் தானாக ஆறுகிறது, முழு ஆழத்திற்கு எரிந்த பெரிய காயம் அவ்வாறு ஆறுவதில்லை. காரணம் தருக. (4 புள்ளிகள்)