வளர்ப்புப் பாம்புக்குச் சூடும் குளிர்ச்சியும்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளுக்கான குறிப்புகள்

பால் பைத்தான், கார்ன் ஸ்நேக் போன்ற வெளிநாட்டுப் பாம்புகளை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்து, அமெரிக்கக் கையேடுகளைப் பார்த்தே கூண்டு அமைக்கிறார்கள். குளிர்நாட்டு வீட்டில் பாம்புக்கு எப்படிச் சூடு கொடுப்பது என்று அவை பக்கம் பக்கமாகச் சொல்லும். மே மாதப் பிற்பகலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் எப்படிச் சூட்டைக் குறைப்பது என்று சொல்லாது. மேற்குச் சென்னையில் பாம்புக்குக் குளிரைவிட வெயிலால்தான் ஆபத்து அதிகம். இந்தக் குறிப்புகள் அதை மனதில் வைத்தே எழுதப்பட்டவை.

1. வாங்குவதற்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி என நம் மண்ணின் பாம்பு எதையும் வீட்டில் வைத்து வளர்க்க 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. வயலில் கிடைத்த குட்டி என்றாலும் அதே நிலைதான். பால் பைத்தான், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிரினம்; 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும். கைமாற்றினாலும் இறந்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும். ரசீதும் பதிவும் இல்லாமல் விலை குறைவாகக் கிடைக்கும் குட்டி பெரும்பாலும் கடத்தி வந்ததாக இருக்கும். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையம் வந்த ஒரு பயணியின் பெட்டிகளுக்குள் 22 பாம்புகள் பிடிபட்டன. அப்படி அடைபட்டு வரும் குட்டியை வாங்குவது அந்த வியாபாரத்துக்கே துணைபோவதாகும்.

2. கூண்டு முழுக்க ஒரே சூடு கூடாது. பாம்பால் நம்மைப்போல் உடலுக்குள்ளேயே போதிய சூட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாது. இரை செரிக்க வேண்டுமானால் சூடான இடத்துக்கு நகரும். உடல் சூடேறிவிட்டால் குளிர்ந்த இடத்துக்குப் போகும். நாள் முழுக்க அது செய்யும் வேலையே இதுதான். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கங்களில் வாழும் பால் பைத்தான் வெயில் நேரத்தில் எலி வளைக்குள்ளும் கரையான் புற்றுக்குள்ளும் இறங்கிவிடும். நம் கண்ணாடித் தொட்டியில் புற்று இல்லை. ஒரு முனை சூடாகவும் மறு முனை குளிர்ச்சியாகவும் இருந்து, இரண்டு பக்கமும் உடம்பு இறுக்கமாக அடங்கும் ஒளிவிடம் ஒன்றொன்று இருந்தால்தான் பாம்பு தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும். ஒளிவிடம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், பயந்த பாம்பு சூட்டையும் பொறுத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும்.

3. பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. கார்ன் ஸ்நேக்குக்கு 29 முதல் 31, குளிர்ந்த பக்கம் 23 முதல் 25. கூண்டில் எங்கு வைத்தாலும் 35 டிகிரிக்கு மேல் காட்டினால் உடனே கவனியுங்கள். வளர்ந்த பால் பைத்தானுக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலத் தொட்டியாவது வேண்டும். சின்னத் தொட்டியில் ஒரு முனையைச் சூடாக்கினால் மறு முனையும் கூடவே சூடாகிவிடும்.

4. தொட்டிக்கு அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பான ஹீட் மேட்டை வருஷம் முழுக்க எரியவிட வேண்டியதில்லை. மார்ச் முதல் செப்டம்பர் வரை பல நாட்களில் நம் அறையின் பகல் சூடே சூடான பக்கத்துக்குப் போதும், சில நாட்களில் அதற்கும் மேலே போகும். ஹீட்டருக்கு உண்மையான வேலை டிசம்பர், ஜனவரி இரவுகளிலும், விடாமல் பெய்யும் வடகிழக்குப் பருவமழை நாட்களிலும்தான். மெரினா பக்கத்தை விட அம்பத்தூரும் ஆவடியும் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் மார்கழி விடியலில் குளிர் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அதே காரணத்தால் கோடையில் கடற்காற்று இங்கே தாமதமாகத்தான் வரும். சில நாட்கள் வராமலே போகும். நண்பகலிலேயே கடலோரத் திருவான்மியூர் குளிர்ந்துவிட்டது என்று கேட்டு ஏமாறாதீர்கள், உங்கள் அறையின் சூட்டை நீங்களே பாருங்கள்.

5. கூண்டுக்கு அறை தேர்ந்தெடுக்கும்போது மேல்மாடி வேண்டாம். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் கூரை நள்ளிரவு வரை சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். தரைத்தளத்தில், மேற்குச் சுவரை ஒட்டாத அறை நல்லது. ஜன்னல் வெயில் கண்ணாடித் தொட்டியின் மேல் ஒரு நிமிடம்கூட நேராக விழக்கூடாது. கண்ணாடி வழியாக உள்ளே போன சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கி, பாம்பு ஒதுங்க இடமின்றிச் செத்துப்போகும். "கொஞ்சம் வெயில் காட்டலாமே" என்று வீட்டுப் பெரியவர்கள் தொட்டியை பால்கனிக்கு நகர்த்திவிடலாம். அவர்களுக்கு இதை முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

6. ஹீட் மேட் வைப்பதானால் தொட்டியின் அடியில், தரையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மறைக்கும்படி ஒரு ஓரமாக வையுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரையும் பிளக்கில் சொருகாதீர்கள். மேட்டின் சூடு 45 டிகிரிக்கு மேல் போனாலும் பாம்பு சட்டென்று விலகாமல் அதன் மேலேயே படுத்திருந்து, அடிவயிற்றுச் செதில்கள் வெந்துபோவதுண்டு. தெர்மோஸ்டாட்டின் சென்சார் முனையை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் டேப் போட்டு ஒட்டுங்கள். கூண்டுக்குள் சும்மா தொங்கவிட்டால் பாம்பு அதைத் தள்ளிவிடும், அல்லது தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விழும். நனைந்த சென்சார் குளிர்ச்சி என்று காட்ட, மேட் நிற்காமல் எரியும். முட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்குப் பயன்படுத்தும் டிஜிட்டல் கட்டுப்படுத்தி ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும்; மேட்டுக்கு அது போதும். வயர் இணைப்பை மட்டும் எலக்ட்ரீஷியன் கையில் கொடுங்கள். வெப்பமானியும் அளவெடுத்துச் செய்த தொட்டியும் தேடுகிறவர்கள் கொளத்தூர் மீன் கடைத்தெருவுக்குப் போனால் ஒரே நடையில் முடியும்.

7. சூடாகும் செயற்கைக் கல் வேண்டவே வேண்டாம். அதில் ஓர் இடம் கொதிக்கும், ஓர் இடம் சில்லென்று இருக்கும். பல்பை வெறுமனே கூண்டுக்குள் தொங்கவிட்டால் பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு வெந்துபோகும். கம்பி வலைக் கவசம் கட்டாயம். இரவில் எந்த நிற வெளிச்சமும் வேண்டாம். சூடு தேவைப்பட்டால் ஒளி தராத செராமிக் ஹீட்டரைப் போடலாம்.

8. ஒரே வெப்பமானியை நடுவில் ஒட்டிவிட்டு எல்லாம் சரி என்று இருக்காதீர்கள். இரண்டு முனைகளிலும், பாம்பு படுக்கும் தரை மட்டத்தில், ஒவ்வொன்று வேண்டும். உயரத்தில் ஒட்டினால் காற்றின் சூடுதான் தெரியும்.

9. குளிர்ந்த பக்கத்துக்கு மண்பானையை மிஞ்சிய பொருள் இல்லை. மகாபலிபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. விஷம் எடுக்கும்வரை அங்கே பாம்புகளை வைத்திருப்பது மண்பானைகளில்தான். வாயைத் துணியால் கட்டி, காற்றுக்கு ஊசித்துளை போட்டிருப்பார்கள். கடற்கரை வெயிலில் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் தராத குளிர்ச்சியை அந்தப் பானைகள் தருகின்றன. பாம்பைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்களின் வழக்கம் அது, நாமும் கற்றுக்கொள்ளலாம். பாலிஷோ வண்ணமோ பூசாத பானையைப் பக்கவாட்டில் வாய் வைத்து வெட்டிக் கவிழ்த்து, ஓரங்களைத் தேய்த்து மழுங்கடித்துக் குளிர்ந்த முனையில் வையுங்கள். கோடையில் காலையும் பிற்பகலும் பானையின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தரையில் தண்ணீர் தேங்கக்கூடாது. மேற்கிலிருந்து காய்ந்த காற்று அடிக்கும் நேரத்தில் இது நன்றாக வேலை செய்யும். கடற்காற்று ஈரத்தோடு வந்துவிட்டால் பானை அவ்வளவாகக் குளிராது, ஆனால் அப்போது வெயிலும் தணிந்திருக்கும்.

10. கத்திரி வெயிலில் குளிர்ந்த பக்கம் 30 டிகிரியைத் தாண்டினால் ஹீட்டர் பிளக்கைக் கழற்றுங்கள். அறைக் கதவு, ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போடுங்கள். அப்போதும் குறையாவிட்டால் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்த பாட்டிலைத் துண்டில் சுற்றி, குளிர்ந்த பக்கத்து மூடியின் மேல் வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் பாம்பு அதன்மேல் படுத்து அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். பாம்பின் மேல் ஐஸ் தண்ணீர் ஊற்றுவது பெருந்தவறு.

11. ஏசி அறை என்றால் 26 அல்லது 27 டிகிரியில் வைத்து, சூடான முனைக்கு மேட்டைப் போடுங்கள். மேற்குச் சென்னைக் கோடைக்கு இதுவே சிறந்த ஏற்பாடு. ஏசி காற்று கூண்டின் மேல் நேராக அடிக்கக்கூடாது. காற்று வறண்டுபோவதால் பால் பைத்தானின் சட்டை துண்டு துண்டாக உரியும். ஈரப் பாசி போட்ட ஒரு சின்ன டப்பாவைக் கூடுதலாக வையுங்கள்.

12. மின்வெட்டுக்கு மேட்டையும் தெர்மோஸ்டாட்டையும் வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்கலாம். மேட் இழுப்பது சில பத்து வாட்தான். குளிர்காலத்தில் சில மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் பாம்புக்கு ஒன்றும் ஆகாது, கூண்டின் மேல் கம்பளி போர்த்தினால் போதும். கோடை மின்வெட்டுதான் அபாயம். நீங்கள் வேலைக்குப் போன பகலில் ஏசி நின்றால் மூடிய அறை எவ்வளவு சூடாகும் என்று ஒரு விடுமுறை நாளில் அளந்து பாருங்கள்.

13. ஐப்பசி, கார்த்திகை மழையில் சூட்டைவிட ஈரத்தைக் கவனியுங்கள். பால் பைத்தானுக்கு 55 முதல் 70 சதவீத ஈரப்பதம் போதும். நம் ஊர்க் காற்றே அதைத் தாண்டும். நனைந்த விரிப்பும் குளிர்ந்த கூண்டும் சேர்ந்தால் செதில் அழுகும், நெஞ்சில் சளி கட்டும். அந்த மாதங்களில் விரிப்பை அடிக்கடி மாற்றுங்கள்.

14. இரை கொடுத்த பின் இரண்டு நாளைக்குச் சூடான முனை கட்டாயம் வேலை செய்ய வேண்டும். இரை விழுங்கிய பாம்பைக் கவனித்தால் தெரியும்: வயிறு புடைத்த இடத்தை மட்டும் மேட்டின் மேல் வைத்து, தலையையும் வாலையும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். சூடு இல்லாவிட்டால் எலி செரிக்காமல் அழுகி, பாம்பு கக்கிவிடும். அந்த இரண்டு நாளும் தூக்காதீர்கள், நண்பர்களுக்குக் காட்டாதீர்கள்.

15. வெப்பமானியை விடப் பாம்பே தெளிவாகச் சொல்லும். எப்போதும் சூடான முனையிலேயே ஒட்டிக் கிடந்தால் கூண்டு குளிர்ந்திருக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்திலேயே ஊறிக் கிடந்தால் வெக்கை தாங்கவில்லை, அல்லது உண்ணி பிடித்திருக்கிறது. தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சளிப்பிடிப்பு. கைவைத்தியம் வேண்டாம், ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

16. தப்பிப்போன பாம்பை முதலில் சூடான இடங்களில் தேடுங்கள்: ஃப்ரிட்ஜின் பின்புறம், இன்வெர்ட்டர் அடி, வாஷிங் மெஷின் மோட்டார் பக்கம். கோடையென்றால் குளியலறை மூலை, தண்ணீர்ப் பானையின் அடி. ஆனால் கண்ணில் பட்ட பாம்பு உங்களுடையதுதான் என்று முடிவு கட்டிக் கை நீட்டாதீர்கள். கொரட்டூர், அம்பத்தூர், பருத்திப்பட்டு ஏரிகளைச் சுற்றியுள்ள தெருக்களில் மழையிலும் வெயிலிலும் ஒதுங்க இடம் தேடி வெளிப்பாம்புகள் வீட்டுக்குள் வருவது வழக்கம். உடல் தடித்து, பழுப்பில் கரும்புள்ளித் தொடர் கொண்ட கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துத் தொட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. சந்தேகம் இருந்தால் அறைக் கதவைச் சாத்தி, கதவடி இடைவெளியில் துணி அடைத்துவிட்டு, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். கடி பட்டிருந்தால் கட்டுப் போடுவதிலும் கீறுவதிலும் நேரத்தைக் கழிக்காமல் 108ஐ அழையுங்கள்.