அம்மா கைக்கு மூலிகைப் பற்று

பிள்ளை பிறந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கும்போது கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் சுரீரென்று ஒரு வலி இழுக்கும். இன்னும் ஒரு வாரம் போனால் புட்டி மூடியைத் திருக முடியாது, துணி பிழிய முடியாது. ஹாங்காங்கில் இதற்கு வீட்டுப் பேச்சிலேயே பெயர் இருக்கிறது: 'அம்மா கை'. மருத்துவர்கள் டி கெர்வேன் நோய் என்பார்கள். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வேன் 1895இல் இதை விவரித்தார்.

வலி வந்ததும் அங்கே பல வீடுகளில் பெரியவர்கள் கைகாட்டும் இடம் 'டிட் டா' வைத்தியசாலை. அடி, சுளுக்கு, எலும்பு பிசகு எல்லாவற்றுக்கும் அங்கே கட்டுப் போடுவார்கள். நமக்குப் புத்தூர் கட்டு போல. கண்ணாடி ஜாடிகளில் வேரும் பட்டையும் சாராயத்தில் ஊறிக் கறுத்துக் கிடக்கும். வைத்தியர் கரும்பழுப்பு விழுதைத் துணியில் தடவி, மணிக்கட்டோடு கட்டைவிரலையும் சேர்த்து இறுக்கிக் கட்டுவார். கற்பூர நெடி நாள் முழுக்கக் கூடவே வரும்.

தேங்கிய ரத்தத்தை இந்தப் பற்று கலைத்துவிடும், மூட்டில் புகுந்த காற்றையும் ஈரத்தையும் வெளியே இழுத்துவிடும் என்பது நம்பிக்கை. ஆனால் மணிக்கட்டுக்குள் நடப்பது வேறு. கட்டைவிரலை விரிக்கவும் நீட்டவும் உதவும் இரண்டு தசைநாண்கள் எலும்பின் ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் நுழைந்து போகின்றன. அந்த உறை தடித்துவிடுகிறது. ஊசிக்காதுக்குள் பருத்த நூலை இழுப்பதுபோல, விரல் அசையும்போதெல்லாம் நாண் உரசுகிறது. அறுவையில் எடுத்த திசுவைச் சோதித்தபோது, அழற்சியைவிட உறை தடித்துச் சிதைந்திருந்ததே பெரிதாகத் தெரிந்தது. இது இட நெருக்கடி. தோல்மேல் தடவும் விழுது உறையை அகலமாக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

அப்படியானால் கட்டுப் போட்டதும் இதமாக இருக்கிறதே? அந்த இதம் பொய் இல்லை. மென்தால், கற்பூரம், மெத்தில் சாலிசிலேட் ஆகியவை தோலின் நரம்பு நுனிகளைத் தூண்டி வலி உணர்வைக் கொஞ்சம் மழுங்கச் செய்கின்றன. அதைவிட முக்கியமாக, இறுக்கிய கட்டு கட்டைவிரலை அசையவிடாமல் பிடிக்கிறது. கைநோய் மருத்துவர் கொடுக்கும் கைப்பட்டையும் அதைத்தான் செய்கிறது. மேலும், பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்கு மாதக்கணக்கில் இது தானாகவே தணியும். தணிகிற நேரத்தில் கையில் எந்த மருந்து இருந்ததோ, பெயர் அதற்குப் போகிறது.

பற்றோடு நின்றால் கவலை குறைவு. கூடவே கஷாயமும் வரும்போது, "மூலிகைதானே, என்ன செய்துவிடும்" என்ற பேச்சு இன்னும் ஆபத்தாகிறது.

சீன மருத்துவத்தில் மூட்டு வலிக்கும் சுளுக்குக்கும் சேர்க்கும் வேர்களில் சுவான்வூ, சாவ்வூ என்று இரண்டு உண்டு. இரண்டும் நம் நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் வச்சநாபி என்று சொல்லும் செடியின் இனம். சித்த வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் அதைத் தொடமாட்டார்கள். சீன வைத்தியத்திலும் ஊறவைத்து, நீண்ட நேரம் வேகவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும்; வெந்தால்தான் அதிலுள்ள அகோனிட்டின் நஞ்சு குறையும். வேக்காடு குறைந்தால் முதலில் நாக்கும் உதடும் மரத்துப்போகும்; பிறகு இதயத் துடிப்பு தடுமாறும், உயிரே போகலாம். ஹாங்காங் மருத்துவமனைகள் இந்த நஞ்சேற்றத்தைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. வேரைச் சாராயத்தில் ஊறவைத்துத் தோலில் தேய்த்ததாலும் சிலருக்கு நஞ்சேறியிருக்கிறது. அங்கே 1999இல் வந்த சீன மருத்துவச் சட்டம் 31 கடும் நச்சுச் சரக்குகளைத் தனியாகப் பட்டியலிட்டு, பதிவு பெற்ற வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்கிறது. பச்சை சுவான்வூவும் சாவ்வூவும் அந்தப் பட்டியலில் உள்ளன.

சரக்கு மாறிப்போவது இன்னொரு கதை. ஃபாங்ஜி என்ற வேர் மூட்டு வலிக்குப் பழகியது. 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில் உடல் இளைக்கும் சிகிச்சைக்காக அதைச் சேர்த்தார்கள். ஆனால் வந்து சேர்ந்தது பெயரில் ஒத்த வேறொரு செடி. அரிஸ்டோலோக்கிக் அமிலம் கொண்டது. ஏறக்குறைய நூறு பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டியிருந்தது.

"சுத்த மூலிகை, மூன்றே நாளில் வலி போச்சு" என்ற பேச்சையும் நின்று யோசிக்க வேண்டும். தைவானில் எட்டு மருத்துவமனைகள் 2,609 சீன மருந்து மாதிரிகளைச் சோதித்த ஆய்வு 1997இல் வெளிவந்தது. அவற்றில் 618 மாதிரிகளில், அதாவது நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக, அலோபதி மருந்துகளைக் கலந்திருந்தார்கள். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் மூன்று நாளில் வலி போகத்தான் செய்யும்.

இத்தனைக்கும் நடுவே, வைத்தியசாலைக்குத் தயங்காமல் போகிறவர்கள் மருத்துவர் போடும் ஊசிக்குப் பயப்படுகிறார்கள். "ஸ்டீராய்டு கையைக் கெடுத்துவிடும்" என்கிறார்கள். கருவுற்ற, பாலூட்டும் பெண்கள் 18 பேரிடம் நடந்த ஒரு சிறு ஆய்வில், ஊசி போட்ட ஒன்பது பேருக்கும் சில நாளில் வலி முழுக்க நின்றது. கைப்பட்டை மட்டும் போட்ட ஒன்பது பேரில் ஒருவருக்கும் அப்படி நிற்கவில்லை. பதினெட்டுப் பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனாலும் பலன் இவ்வளவு தெளிவு. ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம், மெலியலாம். மாநிறத்தில் அது கண்ணுக்குத் தெரியும். அதை முன்பே சொல்வது மருத்துவரின் கடமை. இதிலும் தீராதவர்களுக்கு, கையை மட்டும் மரக்கச் செய்து உறையைத் திறந்துவிடும் சிறு அறுவை இருக்கிறது.

தைலம் தடவியே ஆக வேண்டும் என்கிற தாய் ஒன்றை மறக்கக்கூடாது: வீட்டில் குழந்தை இருக்கிறது. கலப்பில்லாத மெத்தில் சாலிசிலேட் எண்ணெய் 5 மில்லி, ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். ஒரு மிடறு குழந்தையின் உயிரைப் பறிக்கலாம். கற்பூரமும் மென்தாலும் கைக்குழந்தையின் மூக்கருகே போகவே கூடாது. வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் பாட்டி அதே தைலத்தை முழங்காலுக்குத் தேய்த்தால் ரத்தக்கசிவு வரலாம். கஷாயம் குடிப்பவர்கள் சரக்குச் சீட்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். பாலூட்டும்போது இது இன்னும் அவசியம்.

குழந்தையைத் தூக்கும்போது கட்டைவிரலை விரித்து அக்குளில் கொடுக்காமல், விரல்களோடு ஒட்டிவைத்து, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, ஒரு கையைப் பிட்டத்துக்கும் மறு கையைத் தலைக்கும் கீழே கொடுத்து அள்ளினால், நாண் உரசுவது அப்போதே குறையும்.