பற்றைக்குள் கிடந்த பட்டைவாளை மீண்டும் ஓட்டுதல்

இடம்பெயர்வதற்கு முன்னர் எங்கள் ஊர்ச் சங்கத்தின் தச்சுப் பட்டறையில் பட்டைவாள் இயந்திரம் ஒன்று இருந்தது. 2010ஆம் ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது பட்டறைக்குக் கூரை இல்லை, சுவரும் அரைவாசிதான். இயந்திரம் மட்டும் பற்றைக்குள் நின்ற இடத்திலேயே நின்றது. மோட்டரும் வாள் அலகும் போய்விட்டன. மிகுதி முழுவதும் வார்ப்பிரும்பு என்பதால் எவராலும் தூக்க முடியவில்லைப் போலும்.

பழைய இரும்பு வாங்குவோர் இரண்டு தரம் லொறியுடன் வந்து விலை பேசினார்கள். விற்றுவிடலாம் என்றவர்கள் எங்களில் பலர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தறப்பாளின் கீழ் இருப்பவருக்குக் கூரைத்தகடு வாங்கும் காசு பெரிய காசு. ஆனால் வீட்டுக்குக் கதவும் நிலையும் யன்னலும் வேண்டும். வளவில் விழுந்த வேம்பையும் பலாவையும் நகரத்து மரக்காலைக்கு ஏற்றி, அரிந்து, திரும்பக் கொண்டுவரும் கூலியைக் கணக்குப் பார்த்தபோது, விற்பதற்கு முன் இயந்திரத்தை ஒருமுறை சோதித்துப் பார்ப்போம் என்ற முடிவுக்கு வந்தோம். அந்தச் சோதனையையும் அதன் பின்னர் செய்த வேலையையும், நாங்கள் விட்ட பிழைகளோடு சேர்த்தே இங்கு தருகிறோம்.

கறளைப் பார்க்க வேண்டாம், வெடிப்பைப் பாருங்கள்

பழைய இயந்திரம் ஒன்றைக் கண்டதும் எல்லோரும் கறளைப் பார்த்துக் கைவிடுவார்கள். கறள் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். இயந்திரம் ஆகுமா ஆகாதா என்பதைச் சொல்வது வெடிப்புத்தான். பட்டைவாளில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு பெரிய சில்லுகள் உண்டு. அவற்றைத் தண்டிலிருந்து கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டு மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பீர்கள் அல்லவா, அதே முறைதான். மணிபோல ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் எங்கோ வெடிப்பு உண்டு.

வெடிப்பு எங்கே என்று காண, சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் பூசிச் சற்று நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூளைப் பூசுங்கள். வெடிப்புக்குள் ஊறிய எண்ணெய் சோக்கில் கோடாகத் தெரியும். சில்லில் அப்படிக் கோடு தெரிந்தால் அதை ஒட்டித் திருத்த முனையாதீர்கள். சுழலும்போது அது பிளந்து பறக்கும். வேறு நல்ல சில்லு கிடைக்காவிட்டால் அந்த இயந்திரத்தை இரும்புக்காரருக்கே கொடுத்துவிடுங்கள். எங்கள் சில்லுகள் இரண்டும் மணிபோல ஒலித்தன.

கழற்றும்போது ஒவ்வொரு புரியாணிக்கும் சுரைக்கும் அடையாளம் கட்டி, கொப்பியில் படம் கீறி வையுங்கள். பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலரவைத்து உரஞ்சவோ நெருப்பால் எரிக்கவோ கூடாது. நனைத்துச் சுரண்டி, அந்தத் தூளைக் கடதாசியில் சேர்த்தெடுத்துப் பிள்ளைகள் நடமாடாத இடத்தில் புதையுங்கள். கிணற்றடியில் இந்த வேலை வேண்டாம். இறுகிய சுரைகளுக்கு மண்ணெண்ணெயும் பொறுமையும் போதும். நாங்கள் சிலவற்றுக்கு மூன்று நாள் காத்திருந்தோம்.

ஊற்றிய பெயாரிங்

இனிச் சொல்லப்போவதே முழு வேலையினதும் உயிர். இன்றைய இயந்திரங்களில் தண்டு சுழல்வது உருளைக் குண்டுப் பெயாரிங்குகளில். பழைய இயந்திரங்கள் பலவற்றில் அது கிடையாது. வார்ப்பிரும்புக் கிண்ணத்துக்குள் உருக்கி ஊற்றிய வெள்ளை உலோகத்தில் தண்டு நேரடியாகச் சுழலும். அமெரிக்கரான ஐசாக் பாபிற் 1839இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதனால் இதற்குப் பாபிற் உலோகம் என்று பெயர். நல்ல வகையில் ஏறக்குறைய 90 வீதம் வெள்ளீயம், மிகுதி அந்திமனியும் செம்பும். தண்டு உருக்கு, இது மென்மை. தேய்மானம் முழுவதையும் இது ஏற்றுக்கொண்டு தண்டைக் காப்பாற்றும்.

தேய்ந்திருந்தால் உடனே சுரண்டி எறியாதீர்கள். மேல்மூடிக்கும் கீழ்க்கிண்ணத்துக்கும் இடையில் மெல்லிய பித்தளைத் தகடுகளோ தடித்த தாள்களோ வைத்திருப்பார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் சம எண்ணிக்கையில் ஒவ்வொன்றாக எடுத்து மூடியை முறுக்கிப் பாருங்கள். தண்டு ஆடாமல், ஆனால் கையால் தாராளமாகச் சுழல வேண்டும். தண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஓர் அங்குலம் இடைவெளி விடுவது வழக்கம். 2 அங்குலத் தண்டுக்கு அது மெல்லிய தாள் ஒன்றின் கனம்தான். எங்கள் நான்கு பெயாரிங்குகளில் மூன்று இப்படியே சரியாகிவிட்டன.

நான்காவது, கீழ்ச் சில்லுக்குக் கிட்ட இருந்தது, உடைந்து உதிர்ந்துபோயிருந்தது. இங்கே பெரிய பிழை விட்டோம். பாபிற் வாங்கக் காசில்லை என்று உழவு இயந்திரத்தின் பழைய பற்றறியை உடைத்து அந்த ஈயத்தை உருக்கி ஊற்றினோம். மூன்று கிழமையில் அது நசிந்து வழிந்துவிட்டது. அந்த ஈயம் சுமை தாங்காது. அதைவிடக் கேடு, பற்றறியின் தூளும் புகையும் நஞ்சு. சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அன்று பட்டறையைச் சுற்றிப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்ததை நினைத்தால் இன்றும் எங்களுக்கு மனம் கூசுகிறது. பற்றறியை ஒருபோதும் உருக்காதீர்கள்.

இரண்டாம் முறை காசு சேர்த்து உண்மையான பாபிற் வாங்கினோம். ஊற்றும் முறை இது. கிண்ணத்தில் உள்ள பழையதை முற்றாக அகற்றி, எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். உலோகம் ஒட்டாதிருக்கத் தண்டின்மேல் மண்ணெண்ணெய் விளக்கின் கரியைப் பிடியுங்கள். தண்டை அதன் சரியான இடத்தில், மட்டம் பார்த்துத் தாங்கி வைத்து, ஓரங்களைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். பிறகு கிண்ணம், தண்டு, களிமண் எல்லாவற்றையும் சூடாக்கி ஈரத்தை முற்றாகப் போக்குங்கள். ஒரு துளி ஈரம் இருந்தாலும் அது நீராவியாகி உருகிய உலோகத்தை முகத்தில் அடிக்கும். கண் போய்விடும். கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கால் உடுப்பு, சப்பாத்து இல்லாமல் எவரும் கிட்ட வரக்கூடாது. காற்றோட்டமான வெளியில் செய்யுங்கள்.

சூடு போதுமா என்று அறிய உலர்ந்த பைன் குச்சியை உருகிய உலோகத்தில் தோய்த்தெடுங்கள். பெட்டிப்பலகைத் துண்டும் போதும். அது கருகிக் கபில நிறமாக வேண்டும். தீப்பற்றினால் சூடு கூடிவிட்டது, சற்று ஆறவிடுங்கள். ஊற்றத் தொடங்கினால் இடையில் நிறுத்தாமல் ஒரே ஊற்றாக முடிக்க வேண்டும். ஆறியபின் தண்டில் கரியும் எண்ணெயும் மெல்லியதாகப் பூசி வைத்துச் சுழற்றினால், உயர்ந்த இடங்களில் கரி ஒட்டும். அவற்றைச் சுரண்டுங்கள். திரும்பப் பூசுங்கள், திரும்பச் சுரண்டுங்கள். எங்கள் ஓடாவியாருக்கு இந்த ஒன்றுக்கே இரண்டு நாள் சென்றது. கடைசியில் எண்ணெய் ஓட வாய்க்கால் வெட்டி, இயந்திர எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெயும் கழிவு எண்ணெயும் ஆகா.

வேகக் கணக்கு

அப்போது எங்களுக்கு மின்சாரம் வரவில்லை. இரு சில்லு உழவு இயந்திரத்தின் எஞ்சினைப் பூட்டினோம். இங்கே கணக்குப் பார்க்காமல் பெல்ட் மாட்டக்கூடாது. எங்கள் வாளின் சில்லு 30 அங்குலம், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 7.85 அடி. பழைய மோட்டர் நிமிடத்துக்கு 1440 சுற்று, அதன் கப்பி 5 அங்குலம், இயந்திரத்தின் கப்பி 12 அங்குலம். 1440ஐ 5ஆல் பெருக்கி 12ஆல் பிரித்தால் 600 சுற்று. அலகு நிமிடத்துக்கு 4700 அடி ஓடும், அது சரியான வேகம். அதே கப்பியை 2200 சுற்று ஓடும் எஞ்சினில் போட்டால் சில்லு 900க்கு மேல் சுழலும். வேகம் ஒன்றரை மடங்கானால் சில்லைப் பிய்க்கும் விசை இரண்டேகால் மடங்காகும். ஆகவே எஞ்சினுக்கு 3 அங்குலக் கப்பி போட்டு 550 சுற்றுக்கு இறக்கினோம்.

அலகின் கனம் சில்லின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படக்கூடாது. தடித்தால் வளைந்து வளைந்து வெடிக்கும். சில்லின்மேல் உள்ள இறப்பர் பட்டி வெடித்திருந்தால் மாற்றுங்கள். அலகை மாட்டியதும் கையால்தான் சுற்றிப் பார்க்க வேண்டும். மேற்சில்லைச் சரித்துச் சரித்து, அலகு முன்பின் போகாமல் நின்றபின்னரே எஞ்சினைத் தொடுங்கள்.

சில்லுகளையும் பெல்ட்டையும் மூடப் பலகையும் கம்பிவலையும் அடித்தோம். பழைய இயந்திரங்களில் பல, மூடியின்றியே வந்தவை. சாரம், தொங்கும் சால்வை, சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் எதுவும் கிட்ட வரக்கூடாது. முதல் ஓட்டத்தின்போது அலகுக்கு நேரே எவரும் நிற்கவேண்டாம். ஊரவருக்குக் கூலிக்கு அரிவதானால் வன இலாகாவில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மரத்துக்குள் இரும்பு

எங்கள் மரங்களுக்கு உள்ள கேடு வேறெங்கும் எளிதில் காணாதது. ஷெல் துண்டும் ரவையும் பட்டை மூடி உள்ளே இருக்கின்றன. அலகு அதில் பட்டால் அறுந்து பாயும். அரிவதற்கு முன் பட்டையை உரித்து, வடுவையும் கருநீலக் கறையையும் தேடுங்கள். இரும்பு மரச்சாற்றோடு சேர்ந்தால் அப்படிக் கறுக்கும். காந்தம் மேலோட்டமாக உள்ள இரும்பை மட்டும் காட்டும், பித்தளையையும் அலுமினியத்தையும் காட்டாது. கையில் பிடிக்கும் உலோகங்காட்டி ஒன்றை இரவல் பெற முடிந்தால் நல்லது. முழுதாக உள்ள வெடிபொருள் போல் ஏதும் தெரிந்தால் தொடாமல், தட்டாமல், கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்படாத காணியில் மரம் தறிக்கப் போகவே வேண்டாம்.

நாங்கள் முதலில் அரிந்தது பட்டறை வளவில் நின்ற வேம்பு. அடிமரத்தில் மூன்று அடிக்குள் ஐந்து இடத்தில் கறை இருந்தது. அந்தத் துண்டைத் தறித்து ஒதுக்கிவிட்டு மிகுதியை அரிந்தோம். நான்கு வீடுகளுக்குக் கதவு நிலை கிடைத்தது. ஒதுக்கிய அடிமரம் வாசலில் கிடக்கிறது. மரம் கொண்டுவருவோர் தங்கள் முறை வரும்வரை அதில்தான் உட்காருகிறார்கள்.