நீர்வர்ணத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம்



இம்முறை சித்திரப் பாடத்துக்கு யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எடுத்துக்கொள்வோம். 1959 இல் திறக்கப்பட்ட இந்த வெண்ணிறக் கட்டடம் 1981 இல் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. கட்டடம் திருத்தப்பட்டு இன்று மீண்டும் வெண்மையாக நிற்கிறது. அழிந்த சுவடிகள் திரும்பவில்லை.

நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் வர்ணமன்று. தீண்டாமல் விட்ட கடதாசியே வெள்ளை. கணக்கர் மொழியில் சொன்னால் அதுவே நமது முதல். செலவழித்தால் மீட்பது கடினம். ஆகவே எதை வெள்ளையாக விடுவது என்று முதலிலேயே தீர்மானிப்போம்.

1. தடித்த கடதாசியில் (300 கிராம் நல்லது) பென்சிலால் மெல்லிய கோடிடுக. நடுக் குவிமாடம், வாசல், முன்னாலுள்ள சரஸ்வதி சிலை ஆகியவற்றின் அளவைப் புகைப்படத்தில் பார்த்துக் குறிக்க.

2. வானத்தின் பகுதியை மட்டும் நீரால் நனைத்து நீலம் பரப்புக. குவிமாடத்தின் ஓரத்தில் தூரிகை நிற்கட்டும். வானம் சற்றுக் கருமையானால் சுவர் தானாகவே பளிச்சிடும்.

3. காய்ந்தபின், ஒளி இடப்புறமிருந்து வருவதாகக் கொண்டு, வலப்புறச் சுவர்களுக்கு மெல்லிய சாம்பல் நீல நிழல் கொடுக்க. எல்லா நிழலும் ஒரே பக்கம் விழவேண்டும்.

4. கடைசியாக மனிதர்கள். நாம் சமதரையில் நின்று பார்க்கும்போது, நம்மளவு உயரமுள்ளவர்களின் தலைகள் கிட்டவானாலும் தூரவானாலும் நமது கண்மட்டக் கோட்டிலேயே அமையும். தூரப் போகப்போகப் பாதங்கள் மேலேறும். பிள்ளைகளின் தலை கோட்டுக்குக் கீழே வரும். தலையைப் பெரிதாக்காதீர்கள், சிறு புள்ளி போதும். வெள்ளைச் சீருடை வெள்ளைச் சுவரின் முன் தெரியாது. அந்த மாணவரை வாசலின் நிழலுக்கு முன்னால் நிறுத்துங்கள்.

மனிதர் இல்லாவிட்டால் கட்டடத்தின் உயரம் விளங்காது. அது யாருக்காகக் கட்டப்பட்டது என்பதும் விளங்காது. யாரை வரைவது? வீட்டில் அம்மம்மா, அப்பப்பாவிடம் கேளுங்கள். அங்கே யார் வாசிக்கப் போனார்கள், சைக்கிளை எங்கே விட்டார்கள், என்ன உடுத்தார்கள்? அவர்கள் சொல்வதைப் படத்தில் சேருங்கள். அந்த ஞாபகமும் செலவழிந்தால் திரும்பாத முதல்தான்.

நேரில் பார்த்து வரைந்து பழக, நமது மார்க்கத்திலேயே யூனியன்வில் பிரதான வீதியின் பழைய வீடுகள் இருக்கின்றன. அங்கு பழகிய கை நூலகத்தையும் துணிவோடு வரையும்.