பாட்டரி மின்சாரத்தால் சிறு கருவி செய்யும் முறை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த கடையத்திற்கு அண்மையிலுள்ள பாபநாசத்தில், தாமிரவருணியின் நீரைக் கொண்டு 1944-ஆம் ஆண்டில் மின்சார உற்பத்தி தொடங்கிற்று. இந்நாளில் மின்சாரம் எட்டாத வீடு அரிது. ஆயினும் அதன் இயல்பை அறிந்தவர் சிலரே. காட்டுப்பன்றிகளுக்கு அஞ்சி வீட்டு மின்சாரத்தை வயல் வேலிக்குக் கொடுப்பது, இரவில் நீர் பாய்ச்ச வரும் மனிதனையே கொன்றுவிடுகிறது. அது சட்டப்படி குற்றமுமாகும். இவ்வறியாமையை அகற்ற, இளைஞர்கள் அபாயமில்லாத பாட்டரி மின்சாரத்திலிருந்து பாடத்தைத் தொடங்குதல் நலம்.

பாட்டரியின் இயல்பு

1800-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து வோல்ட்டா என்பவர் முதல் பாட்டரியை உலகிற்கு அறிவித்தார். கடைகளில் கிடைக்கும் டார்ச் செல் ஒன்றின் அழுத்தம் 1.5 வோல்ட்டு; மூன்றை வரிசையாக இணைத்தால் 4.5 வோல்ட்டு. வீட்டு மின்சாரமோ 230 வோல்ட்டு. உலர்ந்த தோல் மின்னோட்டத்தைப் பெரிதும் தடுப்பதால், 4.5 வோல்ட்டைக் கையால் தொட்டாலும் தீங்கில்லை. 230 வோல்ட்டு உயிரைப் பறிக்கும். ஈரக் கையெனில் அபாயம் பன்மடங்கு.

வேண்டிய ஸாமான்கள்

1.5 வோல்ட்டுச் செல்கள் மூன்று, அவற்றை வைக்கும் கூடு, சிறு ஸ்விச்சு, சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்று, 330 ஓம் ரெஸிஸ்டர் ஒன்று, 10,000 ஓம் ரெஸிஸ்டர் ஒன்று, பி.சி. 547 என்னும் டிரான்ஸிஸ்டர் ஒன்று, உறையிட்ட மெல்லிய கம்பி ஆகியவை போதும்.

முதற் பயிற்சி

எல்.இ.டி. விளக்கை நேரே பாட்டரியுடன் இணைத்தல் ஆகாது. மின்னோட்டம் மிகுந்து அது கெட்டுவிடும். சிவப்பு விளக்கு ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தான் ஏற்கும். மீதமுள்ள 2.5 வோல்ட்டை ரெஸிஸ்டர் தாங்கவேண்டும். 2.5-ஐ 330-ஆல் வகுத்தால், ஓடும் மின்னோட்டம் சுமார் 7.6 மில்லி ஆம்பியர் என்று விளங்கும். இது விளக்கு எரியப் போதுமானது, கெடுக்கும் அளவன்று. விளக்கின் நீண்ட கால் பாட்டரியின் நேர்முனைப் பக்கம் இருத்தல் வேண்டும்.

தொட்டி நிறைவதை அறிவிக்கும் கருவி

மாடித் தொட்டி நிறைந்து நீர் வீணாவதைத் தடுக்க இக்கருவி உதவும். டிரான்ஸிஸ்டரின் தட்டையான முகம் நம்மை நோக்கவும் கால்கள் கீழ்நோக்கவும் பிடித்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்பவை அமையும். எமிட்டரை எதிர்முனையில் இணைக்க. நேர்முனையிலிருந்து ஸ்விச்சு, 330 ஓம், விளக்கு என்ற வரிசையில் கலெக்டருக்கு வருக. ஸ்விச்சைக் கடந்த இடத்திலிருந்து மற்றொரு கம்பியைத் தொட்டியின் மேல்மட்டத்திற்குக் கொண்டு செல்க. அதற்கு ஒரு விரலகலத்தில் மற்றொரு கம்பியை அமைத்து, 10,000 ஓம் வழியாகப் பேஸில் சேர்க்க. நீர் இரு நுனிகளையும் தொட்டவுடன் மிகச் சிறு மின்னோட்டம் பேஸில் புகும். அதனைக் கொண்டு டிரான்ஸிஸ்டர் பெரிய மின்னோட்டத்தை விடுவித்து விளக்கை எரியச் செய்யும். முதலில் ஒரு தம்ளர் நீரில் சோதித்தறிக. கம்பி நுனிகளில் படியும் களிம்பை அவ்வப்போது சுரண்டவேண்டும். இக்கருவியை மோட்டாரின் மின்சாரத்தோடு ஒருபோதும் இணைக்கலாகாது. இடிமழைக் காலத்தில் மாடிக்குச் செல்லும் கம்பியைத் தொடவும் கூடாது.

கவனிக்க வேண்டிய விதிகள்

1. பாட்டரியின் இரு முனைகளையும் கம்பியால் நேரே சேர்க்கலாகாது. கம்பி பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். 9 வோல்ட்டுப் பாட்டரியை நாணயங்களோடு பையில் இடுதலும் தவறு.

2. கார் பாட்டரி, இன்வெர்ட்டர் பாட்டரி ஆகியவற்றின் அழுத்தம் குறைவாயினும், அவை தரும் மின்னோட்டம் மிகப் பெரிது. பயில்வோர் அவற்றை நெருங்கலாகாது.

3. பழைய கைப்பேசிகளின் லித்தியம் பாட்டரியைக் குத்துதல், வளைத்தல், பிரித்தல் கூடாது, தீப்பற்றும்.

4. பொத்தான் வடிவ பாட்டரிகளைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க. விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழல் வெந்து புண்ணாகக்கூடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

5. புதிய செல்லையும் பழைய செல்லையும் கலத்தல் ஆகாது. உலர் செல்லை மீண்டும் சார்ஜ் செய்தலும், அதன்மேல் ஈயம் பற்றவைத்தலும் ஆகாது.

6. ஈயம் பற்றவைக்கும் கோலின் நுனி 300 பாகைக்கு மேற்பட்ட வெப்பமுடையது. காற்றோட்டமுள்ள இடத்தில், பெரியவர் உடனிருக்கப் பற்றவைக்கவேண்டும். வேலை முடிந்தபின் கைகளைக் கழுவியே உணவு கொள்க.

இவற்றைக் கடைப்பிடித்துப் பயின்ற இளைஞன், மின்னோட்டம் எவ்வழியே செல்லும், எதனால் தடைப்படும் என்பதைத் தன் கைப்பழக்கத்தால் அறிவான். அவ்வறிவுடையவன் வயல் வேலிக்கு வீட்டு மின்சாரத்தைக் கொடுக்கத் துணியான். பிறரையும் தடுத்து நிறுத்துவான்.