'250-இல் 1' என்றால் என்ன?

நீங்கள் தெப்ராவில் வசிக்கும் கர்ப்பிணி என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வாரத்தில் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் முடிந்து, குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்கும் வாய்ப்பு '250-இல் 1' என முடிவு வருகிறது. பக்கத்தில் 'அதிக அபாயம்' என்ற சொல். வீடே கலங்கிவிடும்! சற்றுப் பொறுங்கள். இதே முடிவு பெறும் 250 தாய்மாரில் ஏறக்குறைய 249 பேரின் குழந்தைக்கு அக்குறை இராது.

தாயின் இரத்தத்தில் கருவின் மரபணுத் துணுக்குகள் மிதப்பதை 1997-இல் டென்னிஸ் லோ குழுவினர் காட்டினர். அவற்றை ஆராயும் சோதனை இன்னும் துல்லியமானது. ஆனால், அத்துணுக்குகள் பெரும்பாலும் நச்சுக்கொடியிலிருந்து வருபவை. அதனால் அதுவும் சில வேளை தவறும். உறுதி வேண்டுமானால், 15 வாரம் கடந்தபின் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கலாம். அதில் கருச்சிதைவுக்குச் சிறு வாய்ப்பு உண்டு என்பதால்தான் மருத்துவர்கள் எல்லாருக்கும் அதைச் செய்வதில்லை.