காலுக்குப் பிறகே கம்பு

அரசுப் பள்ளி மாணவிகளுக்குக் கராத்தே, ஜூடோ, சிலம்பம் போன்ற தற்காப்புக் கலைகள் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் கற்றுத்தரப்படுவதை அறிவோம். காயல்பட்டினத்தில் வெளியூர் ஆசான் ஒருவர் நடத்திய இரண்டு நாள் சிலம்பப் பயிற்சிக்கு எங்கள் பள்ளி மாணவிகளை அழைத்துச் சென்றேன். நான் தமிழாசிரியர், கம்பு சுற்றத் தெரியாது. ஆனால் அந்த ஆசானின் கற்பித்தல் முறை என் பாடவேளைக்கும் பயன்படுகிறது. சிலம்பம் கற்றுத்தருபவரை ‘வாத்தியார்’ என்று அழைக்கும் வழக்கம் பொருத்தமானதுதான்.

முதலில் கால்

கம்பு ஆளுக்கேற்ற உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் ஊன்றினால் ஏறக்குறைய நெற்றி வரை வர வேண்டும். ஒவ்வொரு மாணவியையும் நிறுத்தி அளந்து கம்பு கொடுத்தார் ஆசான். கொடுத்த உடனேயே, “கம்பைக் கீழே வைங்க பிள்ளைகளா. மொதல்ல காலு நிக்கட்டும்” என்றார். முதல் நாள் காலை முழுவதும் கால்வைப்பு மட்டுமே.

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு இடக்கால் தவறிக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். வகுப்பில் வாய்விட்டு வாசிக்கத் தயங்குபவள் அவள். ஆசான் அவளைத் தனியே நிறுத்தவில்லை. மணலில் கட்டம் போட்டு, எல்லோரையும் அதில் மெதுவாகக் காலெடுத்து வைக்கச் சொன்னார். அவளிடம் பாதத்தின் திசையை மட்டும் திருத்தினார். கை, தோள், பார்வை பற்றி ஒரு சொல்லும் இல்லை. மறுநாள் மாலை அவள் கையிலும் கம்பு சுழன்றது.

ஏன் கால் முதலில் என்று கேட்டேன். “ஆபத்து வந்தா அடிக்கிறதுக்கு முன்னாடி விலகத் தெரியணும் டீச்சர்” என்றார். விலகிய பிறகு நம்பிக்கையான பெரியவரிடமோ, 1098 எண்ணிலோ சொல்லவும் நாம் பழக்க வேண்டும்.

பள்ளிக்குள் வந்த கலைகள்

கராத்தேயைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகினாவாப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தவர் இடோசு அன்கோ. அவர் மாணவர்களுக்கென்றே ‘பின்னான்’ என்னும் ஐந்து பயிற்சித் தொடர்களை அமைத்தார். 1882இல் ஜூடோவுக்கான கோடோகான் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, டோக்கியோவில் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தவர். இன்று பல தற்காப்புக் கலைகளில் உள்ள தரநிலை முறை அவர் ஜூடோவில் கொண்டுவந்ததுதான். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிப்பதும் குழந்தை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவதற்கே.

வகுப்பறையில்

ஆறாம் வகுப்பில் இப்போது மூன்றைப் பின்பற்றுகிறேன்.

1. பத்தியை வாசிக்கச் சொல்லும் முன், மாணவர் எழுத்தில் தடுமாறுகிறாரா, சொல்லிலா, தொடரிலா என்று பார்த்துக்கொள்கிறேன். அங்கிருந்தே பயிற்சி தொடங்கும்.

2. சொல்வதெழுதல் ஏட்டில் ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துகிறேன். இந்த வாரம் ர, ற என்றால் அடுத்த வாரம் ல, ள, ழ. ஏடு முழுதும் சிவப்பு மையாக இருந்தால் குழந்தை எதையும் பார்ப்பதில்லை.

3. ஒருவர் திணறினால் அந்த வரியை வகுப்பே சேர்ந்து மெதுவாக வாசிக்கும். சிரிப்புக்கு இடமிருக்காது.

பாடத்தை முடிக்க வேண்டுமே என்ற கவலை நியாயமானது. முதல் இரண்டு வாரங்கள் வேகம் குறையத்தான் செய்தது. ஆனால் இடக்கால் தவறிய அந்த மாணவி, மூன்றாவது வாரம் தானே எழுந்து நான்கு வரி வாசித்தாள். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள், யாரும் சிரிக்கவில்லை. உங்கள் வகுப்பில் எழ மறுக்கும் ஒரு குழந்தையிடம் முதல் உத்தியை மட்டும் ஒரு வாரம் செய்து பாருங்கள்.